மூக்குத்தி நடிகைக்கு நான் ஒட்டிய நோட்டீஸ்

சங்கத்து மலருக்கு ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். "இளைய தலைமுறைக்கு வழிகாட்டற மாதிரி இருக்கட்டும் மேடம்" என்று செயலாளர் தம்பி போனில் சொன்னார். என்னிடம் வழி கேட்டால் புளியந்தோப்புக்குப் போகிற வழியைச் சொல்வேன். மற்றபடி, பதிவுத் துறையில் முப்பத்துமூன்று வருஷம் குப்பை கொட்டியதில் இந்தக் கலாவதி உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு விஷயம். அதையும் என் வாய்க்கொழுப்பால்தான் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்கிறேன். மலரில் போட இடமில்லை என்றால் தம்பி தாராளமாகக் கிழித்துப் போடட்டும்.

சேர்ந்த கதையை நீட்ட மாட்டேன். ஹவுசிங் போர்டில் பிறந்தேன், பரீட்சை எழுதினேன், இளநிலை உதவியாளர் ஆனேன், மூன்று ஊர்களில் வில்லங்கச் சான்று எழுதி விரல் காய்த்துப் போனேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும்போது வடசென்னையில் கல்மண்டபம் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தேன். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். அங்கே எனக்குக் கிடைத்தது திருமண செக்ஷன்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மதியம் சோற்று டப்பாவைத் திறக்கிறபோதே சினிமா வாரப் பத்திரிகையையும் திறந்துவிடுவேன். நேராகக் கிசுகிசுப் பக்கம். அதில் யார் பேரையும் போட மாட்டார்கள். 'உயரமான இயக்குநர்', 'தெத்துப்பல் நாயகன்' என்று மொட்டையாக எழுதுவார்கள். யார் என்று கண்டுபிடிப்பதில் நான் கெட்டி. முப்பது வருஷத்துக்கு முந்தைய மூலப்பத்திரத்தில் வில்லங்கம் தேடுகிற கண்ணுக்கு இதெல்லாம் ஜுஜுபி. டைப்பிஸ்ட் ரமணி சாப்பிட்டுக்கொண்டே கேட்பாள், நான் அவிழ்த்துவிடுவேன். எந்த நடிகை எந்த நடிகரோடு பேசுவதில்லை, யாருக்கு எத்தனையாவது காதல், எல்லாம் என் நாக்கு நுனியில்.

எங்கள் சார்பதிவாளர் ஞானசிகாமணி சாருக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாம் பாரிமுனையில் மொத்த வியாபாரம். இவர் ஒருத்தர் மட்டும் சர்க்கார் வேலை. சினிமாவே பார்த்ததில்லை என்பார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, ஒன்று கையெழுத்துக்கு. கையெழுத்துப் பேனாவால் ஒரு புள்ளிகூட வேறெதற்கும் வைக்க மாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பியூனையும் 'ஐயா' என்பார், என்னையும் 'அம்மா' என்பார், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வருகிற மீன்பிடித் துறைமுகத்து ஆளையும் எழுந்து நின்று உட்காரச் சொல்வார்.

சிறப்புத் திருமணச் சட்டப்படி மனு கொடுக்க ஒரு ஜோடி வந்துவிட்டால் போதும், அவர் வேகம் பாதியாகிவிடும். பேரை எழுத்தெழுத்தாகக் கேட்பார். "வள்ளியா, வல்லியா அம்மா?" வயசுச் சான்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு மாப்பிள்ளையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பெண்ணிடம் மட்டும், "உங்க சொந்த விருப்பம்தானே?" என்று கேட்பார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நடுவில் கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொல்லுவார். ஏன் வீட்டுக்குத் தெரியாமல் வந்தீர்கள், என்ன சாதி, என்ன மதம் என்று ஒருபோதும் கேட்டதில்லை. "அது மனுவிலே இல்லாத கேள்வி" என்பார்.

அப்புறம் அறிவிப்பு. இன்ன ஆணும் இன்ன பெண்ணும் மணம் செய்துகொள்ளப் போகிறார்கள், சட்டப்படி ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளைக்குள் சொல்லலாம் என்று எழுதி, வாசல் பக்கத்துப் பலகையில் ஒட்டி, கண்ணாடிக் கதவைப் பூட்ட வேண்டும். அறிவிப்புப் புத்தகத்திலும் பதிய வேண்டும். யார் வந்து கேட்டாலும் அந்தப் புத்தகத்தைக் காட்டியாக வேண்டும். விவரமெல்லாம் ரமணி டைப் அடிப்பாள். பேர்களை மட்டும் நான் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதுவேன். பத்தடி தள்ளி நின்றாலும் பேர் தெரிய வேண்டும் என்பது சாரின் உத்தரவு.

அப்படித்தான் ஒரு நாள் நான் எழுதினேன்: செண்பகவல்லி, த/பெ தர்மலிங்கம். ராகுலன், த/பெ முனுசாமி.

பெண் மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். அப்பா தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. தெற்கத்திக்காரர்கள். பையன் வியாசர்பாடி, பௌத்தக் குடும்பம். அந்தக் கம்பெனியின் ஐஸ் மெஷினைப் பழுது பார்க்கப் போன ஃபிட்டர். பெண் வீட்டு முகவரிக்குப் பதில் தோழியின் லேடீஸ் ஹாஸ்டல் முகவரியைக் கொடுத்திருந்தாள். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவள் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு தாளும் போகக் கூடாது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

பலகையில் ஒட்டிவிட்டு நான் ஓர் அடி பின்னால் வந்து பார்த்தேன். பக்கென்று ஆயிற்று. செண்பகவல்லி! அப்போது கொடிகட்டிப் பறந்த ஒரு நடிகைக்கு அசல் பேர் அதுதான். கிசுகிசுப் பக்கத்தில் அவளை 'மூக்குத்தி நடிகை' என்று எழுதுவார்கள். அசல் பேர் என்னைப் போன்ற நிபுணர்களுக்குத்தான் தெரியும்.

அது வேறு செண்பகவல்லி என்று எனக்குத் தெரியாதா? என் கண் முன்னால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனவள்தானே. இருந்தாலும் வாய் அரித்தது. வெளியே மரத்தடியில் பத்திரம் எழுதுகிற பலராம் நாயுடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நைனா, மேட்டர் தெரியுமா? மூக்குத்தி நடிகைக்கு நம்ம ஆபீஸ்லதான் கண்ணாலம். நோட்டீஸே ஒட்டிட்டேன்."

"இன்னா கலா, டபாய்க்கிறியா?"

"போய்ப் பார்த்துக்க. அசல் பேரு கீது."

நாயுடு டம்ளரோடு போய்ப் பலகையைப் படித்துவிட்டு வந்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண் விரிந்து போயிருந்தது. "சும்மா சொன்னேன் நைனா" என்று நான் சொல்வதற்குள் சார் மணியடித்தார். உள்ளே போய்விட்டேன். அத்தோடு மறந்தும் போனேன்.

நாலாம் நாள் பலகை முன்னால் பத்துப் பேர். ஆறாம் நாள் நாற்பது பேர். காசிமேட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வருகிறார்கள், எண்ணூரிலிருந்து ஷிப்ட் முடித்து சைக்கிளில் வருகிறார்கள். ராகுலன் யார் என்று பெரிய விவாதம். அவளோடு சேர்த்துப் பேசப்பட்ட நாயகனின் அசல் பேர் யாருக்கும் தெரியாது. ஆகவே அதுதான் ராகுலன் என்று முடிவாகிவிட்டது. "தெரியாத பேரா கீறதாலதான் அது அவர் பேரு" என்று ஒருத்தன் அடித்துச் சொன்னான்.

"அது நடிகை இல்லப்பா, நம்ம ஏரியாப் பொண்ணு" என்று நான் வாசலில் நின்று கத்தினேன். "பாரு, மேலிடத்துல சொல்லி மேடம் வாயை அடைச்சிட்டாங்க" என்றார்கள்.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் ஆபீஸ் போன் அடித்தது. செண்பகவல்லி. பொது போனிலிருந்து பேசினாள்.

"அக்கா, எங்க கடையில எல்லாரும் இதேதான் பேசுதாங்க. அப்பாவும் பேசுதாங்க. எம் மவ பேருதான் அந்த நடிகைக்கும்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பெருமையா சொல்லுதாங்க. எனக்கு ஈரக்குலை நடுங்குதுக்கா. யாரு இதைக் கிளப்பிவிட்டது?"

"கவலைப்படாதேம்மா" என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு டிபன் டப்பாவைத் திறக்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் சாரிடம் போய் ஒப்புக்கொண்டேன். முழுக்கக் கேட்டார். பிறகு முதல் கேள்வியாக, "அந்த நடிகை யாரு?" என்றார். சொன்னேன். "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். எழுதுகிற பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

"நோட்டீஸை ஊருக்குத் தெரியத்தான் ஒட்டுதோம் அம்மா. அதைப் படிச்சுச் சொன்னா தப்பே இல்ல. நீங்க அதுல இல்லாததைச் சொல்லியிருக்கீங்க."

அவ்வளவுதான். மெமோ கொடுத்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

"நோட்டீஸை எடுத்துரலாமா சார்?"

"எடுக்கக் கூடாது. எடுத்தா அந்தப் பொண்ணோட முப்பது நாள் கெட்டுப்போகும்."

பத்தாம் நாள் நான் வாரா வாரம் படிக்கிற அதே பத்திரிகையின் நிருபர் வந்து சேர்ந்தான். பேர் வசீகரன். கேமராக்காரன் ஒருத்தன் கூடவே. கிசுகிசுப் பக்கம் எழுதுகிறவனே அவன்தான் என்று தெரிந்ததும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரு நொடி மெய்சிலிர்த்தது. ஒல்லியாக, சோற்றைக் கண்டு நாளானவன் மாதிரி இருந்தான்.

சார் அவனை உட்கார வைத்தார். ஆபீஸுக்குள் படம் எடுக்க அனுமதியில்லை என்றார். புத்தகத்தைப் பார்க்கச் சட்டப்படி உரிமை உண்டு என்று திறந்து காட்டினார். "இது நீங்க நினைக்கிறவங்க இல்ல. இந்தப் பொண்ணை நானே பார்த்தேன்" என்றார்.

"நடிகையை நீங்க பார்த்திருக்கீங்களா சார்?"

"பார்த்ததில்ல."

"அப்போ இவங்க அவங்க இல்லன்னு எப்படி சார் சொல்றீங்க?"

சார் புத்தகத்தை இன்னொரு தடவை அவன் பக்கம் திருப்பி வைத்தார். வசீகரன் வெற்றியோடு எழுந்து போனான். அந்த வாரம் வந்தது: 'வடசென்னைப் பதிவு அலுவலகத்தில் மூக்குத்தி நடிகை ரகசிய மனு. முப்பத்தோராம் நாள் மாலை மாற்றுகிறார்.' முகவரி, அப்பா பேர் எதையும் போடவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அந்தப் பத்திரிகை அண்ணாச்சி கடையிலேயே கயிற்றில் தொங்கியதாம். அவரே எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாராம்.

கல்யாணத்தை இரண்டு வாரம் தள்ளிப் போடச் சொல்லிப் பெண்ணிடம் கெஞ்சினேன். "ஞாயித்துக்கிழமை எனக்கு வேற இடத்துல நிச்சயம் வச்சிருக்காங்க அக்கா. வெள்ளிக்கிழமையை விட்டா எனக்கு நாளே இல்ல" என்றாள். வெள்ளிக்கிழமைதான் முப்பத்தோராம் நாள்.

அன்று காலை ஒன்பதரைக்கே பின்பக்கச் சந்து வழியாக மணமக்களை உள்ளே கொண்டுவந்து ரிக்கார்டு ரூமில் உட்கார வைத்தேன். ராகுலனின் அண்ணனும் கூட வேலை பார்க்கிற ஒருத்தரும் சாட்சி. மூன்றாவது சாட்சி பெண்ணின் ஹாஸ்டல் தோழி. அவளைக் காணோம்.

பத்தரைக்கு வாசலில் முந்நூறு பேர். 'தலைவி வாழ்க' என்று கோஷம். ஸ்டேஷனில் சொல்லி இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். அவர்களும் நடிகை எந்தக் காரில் வருவார் என்று என்னிடமே விசாரித்தார்கள். நாயுடு மேஜை மேல் நின்று கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் இடுக்கில் பார்த்த செண்பகவல்லி சட்டென்று குனிந்துகொண்டாள்.

"அக்கா... எங்கப்பா."

பார்த்தேன். கேட்டை ஒட்டி முதல் வரிசையில், சலவை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் ஒரு பொட்டலம் பூ. தர்மலிங்கம் அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு நடிகையின் கல்யாணத்தைப் பார்க்க வந்திருந்தார். தோழி அவரைக் கண்டதும் வந்த வழியே ஓடிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

ராகுலனின் அண்ணனும் எட்டிப் பார்த்தார். "ஆள் கூட்டியாந்துக்கிறாரா?" என்றார். "அய்யோ இல்லப்பா. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. நடிகையைப் பார்க்க வந்துக்கிறாரு" என்றேன். அவருக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

சாரிடம் ஓடினேன். "ஆட்சேபம் சொல்ல வந்தாரா அம்மா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ அவர் வந்தது நம்ம சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல. சாட்சி மூணு பேர் இருக்காங்களா?"

"ரெண்டுதான் சார். நான் போடட்டுமா?"

"ஆபீஸ் ஆள் போடக் கூடாது."

நாயுடுவைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் வெளிறிப் போனார். "கலா, அண்ணாச்சி கடைப் பத்திரமே நான் எழுதினது. அந்த மனுசன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? என்னை வுட்டுடு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டத்தில் யாரைக் கூப்பிட்டாலும் அடுத்த நிமிஷம் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும். இந்த ஏரியாவுக்குச் சம்பந்தமில்லாத ஒரே ஆள் யார் என்று தேடினேன். கேட்டுக்கு வெளியே கான்ஸ்டபிளிடம் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றான்.

"வசீகரன், உள்ள வர்றியா? கண்ணாலத்தைக் கிட்ட நின்னு பார்க்கலாம். ஒரே கண்டிஷன். கேமரா வெளியே. நீ சாட்சிக் கையெழுத்து போடணும்."

அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆயுசுக்கும் போதுமான செய்தி. கேமராக்காரனை அம்போவென்று விட்டுவிட்டு ஓடி வந்தான்.

உள்ளே வந்தவன் செண்பகவல்லியைப் பார்த்தான். ராகுலனைப் பார்த்தான். ரிக்கார்டு ரூமை ஒரு சுற்று எட்டிப் பார்த்தான். "எங்க மேடம்?" என்றான்.

"இவங்கதான் செண்பகவல்லி. கேட்டாண்ட பூவோட நிக்கறாரே, அவரு இவங்க அப்பா. நடிகையைப் பார்க்க வந்துக்கிறாரு. நீ எழுதினதைப் படிச்சிட்டு."

அவன் ஜன்னல் இடுக்கில் போய் அண்ணாச்சியைப் பார்த்தான். வெளியே கோஷம் கட்டடத்தை ஆட்டியது. அப்படியே வெளியே போய்க் கூட்டத்திடம் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நான் கதவை மறித்து நின்றுகொண்டேன். இதைவிடப் பெரிய செய்தி அவனுக்கு இனிமேல் கிடைக்கப் போவதில்லை. அவனும் அதைத்தான் யோசித்தான் என்று நினைக்கிறேன். செண்பகவல்லி அவனைப் பார்த்து, "அண்ணே, நேரமாவுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"எங்க சார் போடணும்?" என்றான்.

அவசரத்துக்கெல்லாம் சார் மசிகிற ஆளில்லை. "இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"மூணு வாரமா இவங்களைப் பத்திதான் சார் எழுதிட்டிருக்கேன்."

"உங்க பேரு?"

"வசீகரன்."

"சான்றிதழ்ல இருக்கிற பேரு."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். எத்தனை பேரின் அசல் பேரைப் பிடித்து வைத்திருந்தவன்! குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குப்பன்" என்றான். சார் அதையும் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினார்.

பிறகு பெண்ணிடம் அந்த மூன்று கேள்வி. எனக்குப் பைத்தியம் பிடித்தது. வெளியே அப்பன் நிற்கிறார், உள்ளே இவர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, 'என் சொந்த விருப்பந்தான் சார்' என்றாள். 'சட்டப்படி கணவராக ஏற்கிறேன்' என்று அவள் சொன்ன அதே நேரம் வெளியே ஏதோ ஒரு வெள்ளைக் கார் போயிருக்க வேண்டும். முந்நூறு பேர் ஓவென்று கத்தினார்கள். அந்த ஜோடிக்கு மேளம் அதுதான்.

சார் கையெழுத்துப் பேனாவை எடுத்தார்.

அவர்கள் பின்சந்து வழியாகவே போய்ச் சேர்ந்தார்கள். அண்ணாச்சி நாலு மணி வரை நின்றார். கூட்டம் கலைந்த பிறகும் நின்றார். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது, "நடிகை வரலியாம்மா?" என்று கேட்டார். "வரலீங்க அண்ணாச்சி" என்றேன். "பாவம், பூ வாடிட்டு" என்று பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தலையில் வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. அவர் வீட்டுக்குப் போனதும் மகள் எழுதி வைத்த கடிதத்தைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த இதழில் குப்பன் எழுதினான்: 'மூக்குத்தி நடிகை கடைசி நிமிடத்தில் மனம் மாறினார்.' அத்தோடு விட்டான். செண்பகவல்லியும் ராகுலனும் கொஞ்ச நாள் எண்ணூரில் ஒரு நண்பர் வீட்டில் இருந்துவிட்டு வியாசர்பாடிக்குத் திரும்பினார்கள். யாரும் யாரையும் வெட்டவில்லை. அப்பாவும் மகளும் பேச இரண்டு வருஷம் ஆயிற்று என்று அவளே பிறகு சொன்னாள். இன்றுவரை எனக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்புகிறாள். அந்த வதந்தியைக் கிளப்பியது யார் என்று அவளிடம் ஒரு நாள் சொல்லிவிட்டேன். ஆறு மாசம் போன் எடுக்கவில்லை. அப்புறம் எடுத்தாள்.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது கல்யாணம் முடிந்த நாலாம் நாள். காலையில் ஆபீஸ் திறந்ததும் அண்ணாச்சி வந்தார். தனியாகத்தான் வந்தார். சவரம் செய்யாத முகம். கல்யாணம் பதிந்த புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சாரே எழுந்து வந்து நாற்காலி போட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். இரண்டு பேரும் ஒரே சீமை என்று தெரிந்தும் ஊர் விசாரிக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

அண்ணாச்சி பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். கடைசிக் கையெழுத்து வரை படித்தார்.

"இந்தப் பேரு முப்பது நாளும் வெளிய ஒட்டியிருந்துதா?"

"ஆமா" என்றார் சார்.

"நானும் அன்னைக்குப் பார்த்தேன் சார். கண்ணாடியைக் கடையிலே வச்சிட்டு வந்துட்டேன். பெருசா எழுதின பேரு மட்டும் தெரிஞ்சுது. அடடே, அந்தப் பிள்ளைக்கு அப்பா பேரும் எம் பேருதான் போலிருக்குன்னு பக்கத்துல நின்னவன்கிட்ட எல்லாம் சொல்லிச் சந்தோசப்பட்டேன்."

எனக்கு அந்தச் சுவருக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்தப் பேரை எழுதிய கை என்னுடையது.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி வந்தார். யாரைக் கேட்பது என்று தெரியாமல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பார்த்துக் கேட்டார்.

"செண்பகவல்லிக்குக் கல்யாணம் ஆயிட்டுதான்னு கடைக்கு வர்றவங்க எல்லாம் கேக்காங்க. அவங்க நடிகையைத்தான் கேக்காங்க. ஆயிட்டுன்னு சொல்லிரலாம்லா சார்?"

சார் புத்தகத்தை மூடவில்லை. அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"தாராளமா சொல்லலாம். பதிவாயிருக்கு."